நகராத வரி

சாலவாக்கம்
பிப்ரவரி 9

அன்பு ஜெயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அரசு இப்போதுதான் கண்ணை மூடினான். தூங்கிவிட்டானா, என்னை ஏமாற்றுகிறானா தெரியவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சு இவ்வளவு வேகமாகவா வரும்? மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்குப் புனே குளிர் பழகிவிட்டதா? அந்த இருமல் நின்றதா?

போனில் பேசாமல் மெயில் எதற்கு என்று கேட்பாய். உன் பெயர் திரையில் வந்தாலே உங்க மாமா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் சாஃப்ட்வேர் பேசுவீர்கள், நான் பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டு நிற்பேன். இதை யாரும் பிடுங்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அறுவடை மிஷின் புக்கிங் புரோகிராமில் நீ கை வைத்திருப்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னது உங்க மாமா இல்லை. அரசுவுக்கு ஊசி போட உத்திரமேரூர் போனவள் நம்ம மிஷின் ஆபீஸில் எட்டிப் பார்த்தேன். கணக்குப் பார்க்கிற சேட்டு அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "இன்னாம்மா, உன் தங்கச்சி வித்தைக்காரியா கீது! முன்னாடிலாம் ஒரு பேரைச் சேத்தா பொட்டி தூங்கிப் பூடும். இப்ப டக்குனு வந்து நிக்குது!"

தூங்கிப்போகிற அந்தப் புரோகிராமை எழுதியது நான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா, தெரியவில்லை. கிண்டி சாஃப்ட்வேர் வேலையை விட்டு வந்து, ஏழாம் மாத வயிற்றோடு நாற்காலியில் சாய்ந்தபடி எழுதினேன். யார் வயல், எந்த ஊர், எந்தத் தேதியில் அறுப்பு, அந்தப் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்க மட்டும் நாற்பது வரி.

கோபம் எல்லாம் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அப்பா அம்மாவிடம் பேசினாயா? நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மலர்க்கொடி


புனே
பிப்ரவரி 11

என் செல்ல அக்காவுக்கு,

ஆயிரம் முத்தம் அனுப்புறேன். அதுல தொள்ளாயிரம் அரசுவுக்கு, மிச்சம் உனக்கு. இருமல் போயிடுச்சு. குளிர் போகலை. ரூம்ல கூட இருக்கிற ரெண்டு பேரும் பஞ்சாபிங்க, ஃபேன் போட்டுத்தான் தூங்குவாங்களாம். நான் போர்வைக்குள்ள இருந்து எழுதறேன்.

அக்கா, சத்தியமா மாமா உன்கிட்ட சொல்லிட்டார்னுதான் நினைச்சேன். "உங்கக்கா குழந்தை ஜுரத்துல அல்லாடிக்கினு கீறா, அவளை இம்சை பண்ணாத, நீயே பாத்துடு"ன்னார். சரின்னு பார்த்தேன்.

நீ எழுதினதுல தப்பு எதுவும் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் உன் நாற்பது வரி மொத்தப் பட்டியலையும் கலைச்சுப் போட்டு முதல்லேருந்து அடுக்குது. ரெண்டாவது மிஷின் வாங்கினப்புறம் செங்கல்பட்டு வரைக்கும் புக்கிங் வருது இல்லையா, அதான் திணறுது. நான் அதை எடுத்துட்டு, திரை எப்படித் தெரியணும்னு எழுதி வெக்கிற மார்க்கப் ஃபைல்லயே ரெண்டு வரி எழுதினேன். முதல்ல அறுவடைத் தேதி, அடுத்து ஊர். முடிஞ்சுது. எப்படி அடுக்கணும்னு நாம சொல்லவே வேணாம்க்கா. எந்த வரிசைல வேணும்னு மேல எழுதி வெச்சாப் போதும், பட்டியல் தானா அடுக்கிக்கும். பார்க்க எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா!

ஒரே வேலையை எண்ணி எண்ணித் திரும்பச் செய்யற ஃபார் லூப்பை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான். நம்ம ஊர் பழையசீவரம் மலைக்கோயில் படியில ஒவ்வொரு படியா ஏறவிட்டு "இப்ப ஐ எவ்ளோ? இப்ப ஐ எவ்ளோ?"ன்னு கேட்டியே. பக்கத்துல ஏறினவங்க நமக்கு ஏதோ பிடிச்சிடுச்சுன்னு நினைச்சாங்க.

கோபம் இல்லைன்னு எழுதியிருக்க. நம்பறேன்.

உன் ஜெயா


சாலவாக்கம்
பிப்ரவரி 24

அன்பு ஜெயா,

நீ நலம் என்று தெரிந்து நிம்மதி. அரசுவுக்கு ஜுரம் விட்டது, எடைதான் ஏறவில்லை. போன மாதம் இருந்த அதே எடை. நர்ஸ் "பரவால்லம்மா" என்கிறாள். அவள் குழந்தையாக இருந்தால் சொல்வாளா?

உன் இரண்டு வரி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் டீத் தட்டோடு கூடத்துக்குள் நுழையும்போது உங்க மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார், "எங்கூட்டுக்காரி நாப்பது வரி எழுதினா. மச்சினி ரெண்டே வரில முடிச்சிட்டா." அதற்கு ஒருத்தன், "அண்ணே, சின்னதைக் கட்டிக்கினு இருந்தா டீசல்கூட மிச்சமாயிருக்கும்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டு கையில் இருந்தது, வேறு என்ன செய்ய?

அன்று சாயங்காலம் அப்பா கத்திரிக்காய் கொண்டுவந்தார். அவரும் அதே. "ஜெயா மூளையே தனிடி." சின்ன வயதிலிருந்து கேட்கிற வாக்கியம்தான். ஆனால் அப்போதெல்லாம் மார்க் ஷீட்டைப் பார்த்துச் சொல்வார். இப்போது நான் செய்ததைத் தாண்டிப் பார்த்துச் சொல்கிறார்.

அத்தை, "இன்னாடி, எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றார். தூக்கம் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

உங்க மாமா பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய டி-ஷர்ட் வந்தது. நீல நிறம், அவருக்கு எடுப்பாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறார், துவைக்கக்கூடக் கொடுப்பதில்லை. என் பிறந்தநாள் ஜனவரியில் வந்து போயிற்று. அது கிடக்கட்டும்.

தலைக்கு எண்ணெய் வை. ராத்திரி வெகுநேரம் கண் விழிக்காதே.

அக்கா


புனே
மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கியா? அரசு எடை ஏறினானா? எழுது.

உன் பிறந்தநாளை மறந்தது பெரிய தப்பு. அந்த வாரம் எங்களுக்கு ரிலீஸ், நாலு நாள் ஆபீஸ் சோபாவிலதான் தூங்கினேன். சாக்குதான். இருந்தாலும் சொல்றேன். அந்த டிரைவர் யாரு? பேர் அனுப்பு. நான் வரும்போது அவன் பல்லை எண்ணித் தரேன். மாமாவையும் விடமாட்டேன்.

இன்னொண்ணு. இந்தத் தடவை உன்கிட்ட கேக்காம செய்யக் கூடாதுன்னு எழுதறேன். எந்த டிரைவர் எந்த மிஷின்ல போறான்னு காட்ட ஒரு திரை வேணும்னு மாமா கேட்டிருக்கார். அப்புறம் இந்தப் புரோகிராமை மதுராந்தகம், செய்யாறு பக்கம் மிஷின் வெச்சிருக்கிறவங்களுக்கும் விக்கலாம், நீயே பொறுப்பா எடுத்துக்கோன்னும் சொல்றார். நான் பதில் சொல்லலை. அது உன்னோடதுக்கா. உனக்குப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை போதும், நான் தொட மாட்டேன். சுத்தி வளைக்காம நேரா சொல்லு.

முத்தங்கள்,
ஜெயா


சாலவாக்கம்
மார்ச் 15

அன்பு ஜெயா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அரசு எழுந்துவிடுகிறான். நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

திரை விஷயம் கேட்டிருந்தாய். செய், தாராளமாகச் செய். எனக்கு என்ன வந்தது? குழந்தையோடு என்னால் முடியாது என்று உங்க மாமாவே எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மதுராந்தகம் என்ன, மதுரை வரைக்கும் விற்கட்டும். நீ செய்தால் நன்றாக இருக்கும்.

அரசுவின் உச்சந்தலையில் செதில் செதிலாக வருகிறது. டாக்டர் தேங்காய் எண்ணெய் தடவி, மெதுவாகச் சீவச் சொன்னார். அத்தை விளக்கெண்ணெய்தான் வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் குழந்தை தலை வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. நவரைப் பட்ட அறுப்புக்கு என்று போன வெள்ளிக்கிழமை ஆபீஸில் பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டார்கள், கடைசி வயல் அறுக்கும்வரை அதில் பட்டியல் திரையை மூடக் கூடாதாம், சேட்டு அண்ணன் கட்டளை, நடுவில் தேதி மாற்றுகிறவர்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள். தக்காளி மலிந்து கிடக்கிறது, தொக்கு போட்டேன். உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், பையன் ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி.

அரசுவுக்கு ஜூனில் முதல் பிறந்தநாள். சட்டை நீதான் வாங்க வேண்டும். அளவு அனுப்புகிறேன், மறந்துவிடாதே.

அக்கா


புனே
மார்ச் 19

அக்காவுக்கு அன்பு,

ஓட்டத்துல எழுதறேன். மூணு மீட்டிங் வரிசையா நிக்குது. நல்லாத்தான் இருக்கேன்.

செதிலுக்குப் பயப்படாத. எங்க டீம்ல ஒருத்தங்க குழந்தைக்கும் வந்துதாம், தானா உதிர்ந்துடுமாம். விளக்கெண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டும், டாக்டர் சொன்னதையே செய். சண்டை வந்தா என் பேரைச் சொல்லு.

டிரைவர் திரையை சீசன் முடிஞ்சப்புறம் பார்க்கலாம்னு மாமாவே சொல்லிட்டார். நீ செய்யச் சொன்னது சந்தோஷம். உன் கையெழுத்து இல்லாத அனுமதி மாதிரி இருக்கு, இருந்தாலும் சந்தோஷம். தொக்கை மாமா கண்ணுல காட்டாத!

சட்டை அளவு அனுப்பு.

ஜெயா


சாலவாக்கம்
ஏப்ரல் 22

அன்பு ஜெயா,

நலமாக இருக்கிறாயா? இங்கே நலம் என்று எழுத முடியவில்லை. அம்மா போனில் அழுதுகொண்டு ஏதோ சொன்னதாக மெசேஜ் போட்டிருந்தாய். முழுசாக எழுதுகிறேன்.

அப்பா வயலுக்குச் சித்திரை இரண்டாம் வாரத்தில் அறுப்பு என்று பதிவாகியிருந்தது. காற்றில் பயிர் சாய்ந்துவிட்டது, சீக்கிரம் மிஷின் வேண்டும் என்று ஆபீஸுக்குப் போன் செய்தார். சேட்டு அண்ணன் தேதி மாற்றுகிற சின்னத் திரையைத் திறந்து முன்தேதி போட்டார். போட்டதும் பெயர் மேலே ஏறிவிடும் என்று நினைத்துக்கொண்டார். நான் எழுதினதில் ஏறும், அந்தப் பழக்கம். இப்போது தேதி மட்டும் மாறியது. வரி நகரவில்லை. பட்டியலின் அடியிலேயே கிடந்தது. அவர் மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து மிஷினை அனுப்பிக்கொண்டே இருந்தார். பழையசீவரத்துக்கு முறை வரவே இல்லை.

அப்பா மறுபடி போன் செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மாப்பிள்ளை ஆபீஸாண்ட போயி என் வயலை மொதல்ல அறுன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது? அனுப்பும்போது அனுப்புவாருன்னு இருந்தேன்" என்கிறார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டார், உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிய விடிய மழை. சாய்ந்த பயிர் தண்ணீரில் படுத்துவிட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பாதி வயலில் கதிரிலேயே முளை வந்துவிட்டது. பச்சைப் பச்சையாக, ஊசி மாதிரி. அப்பா வரப்பில் குந்தி ஒரு கதிரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டார்.

உன்னை யாரும் தப்பாக நினைக்கவில்லை. உங்க மாமா கொஞ்சம் கத்தினார். "ரெண்டு வரி, ரெண்டு வரின்னு ஊரெல்லாம் சொன்னேன்டி" என்று. அவருக்கு அவமானம். அப்பாவும் எதுவும் சொல்லவில்லை, உன் பெயரை எடுத்தால் எழுந்து போகிறார், அவ்வளவுதான். தெரியாமல் நடந்தது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா


புனே
ஏப்ரல் 23

அக்கா,

நேத்து ராத்திரிலேருந்து எதுவும் உள்ள இறங்கலை. அரசு எப்படி இருக்கான்?

தப்பு என்னோடதுதான். புதுசா ஒரு பேரைச் சேர்த்தா அது சரியான இடத்துல போய் உட்காருது. அதை டெஸ்ட் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். ஏற்கனவே இருக்கிற வரியில தேதி மாறினா, திரை திறந்திருக்கும்போது அது நகராது. மாறும்போதெல்லாம் மறுபடி அடுக்குன்னு தனியா ஒரு வரி சொல்லணும். நான் சொல்லலை. திரையை மூடித் திறந்தாச் சரியாகிடும்தான். எந்த ஆபீஸ்லயும் சாயங்காலம் மூடிடுவாங்கன்னு நானா நினைச்சிக்கிட்டேன்.

அப்பாவுக்கு ஆறு தடவை போன் பண்ணேன். எடுக்கலை. ஏழாவது தடவை அம்மா எடுத்து, "அவரு தூங்கறாரு"ன்னாங்க. பின்னால அப்பா இருமறது கேட்டுச்சு.

நாத்து விட்டப்போ எனக்கு வீடியோ அனுப்பினார்க்கா. "பாருடி, எப்படி கீது"ன்னு. அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

மாமாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. நீதான் எனக்கு ஆறுதலா எழுதின. உனக்கு நான் எப்பவும் கடன்பட்டிருக்கேன்.

ஜெயா


சாலவாக்கம்
மே 1

அன்பு ஜெயா,

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. சாப்பிடு. அரசு நான்கு அடி எடுத்து வைத்தான், ஐந்தாவதில் விழுந்து நெற்றியில் வீக்கம். ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடாமல் எழுப்பி எழுப்பிப் பார்த்தேன்.

புரோகிராமைச் சரிசெய்துவிட்டேன். உன் இரண்டு வரியை எடுத்துவிட்டு என் பழைய நாற்பதையும் திரும்பப் போட்டேன். மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனால் தேதி மாற்றினால் பெயர் ஏறுகிறது. சேட்டு அண்ணன், "இத்தத்தாம்மா நான் கேட்டுக்கினே இருந்தேன்" என்றார். உங்க மாமா டிரைவர்கள் எதிரிலேயே, "அவ எழுதினது அவளுக்குத்தான் தெரியும். இனிமே வேற யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டார். செய்யாறில் கேட்கிறவர்களிடமும் என்னைத்தான் அழைத்துப் போகப் போகிறாராம். அந்த நீல டி-ஷர்ட் மிஷின் துடைக்கப் போய்விட்டது.

உன்மேல் குறை சொல்லவில்லை. ஆனால் திரை திறந்தே கிடக்கிறது, தேதி மாற்றுகிறவர்கள் உண்டு என்று மார்ச் மாதக் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே, நீ கவனிக்கவில்லையா? வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும். பரவாயில்லை.

அப்பாவுக்கு நாளானால் சரியாகிவிடும்.

அக்கா


புனே
மே 12

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமா இருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படிச்சேன். ஆமா, எழுதியிருக்க. விளக்கெண்ணெய்க்கும் தக்காளித் தொக்குக்கும் நடுவுல ஒரு வாக்கியம்.

அரசு சட்டை அளவுக்கு நீ எனக்கு மூணு தடவை மெசேஜ் போட்ட. கழுத்து அளவு தப்புன்னு நாலாவது தடவை போன் பண்ணின. அவன் ஒரு தும்மல் போட்டா எனக்கு விடியறதுக்குள்ள தகவல் வந்துடும். எதையும் ஒரு தடவை சொல்லிட்டு விடற ஆள் இல்ல நீ. இதை மட்டும் விட்டுட்ட.

அந்த வாக்கியத்தை எழுதணும்னா, உன் லேப்டாப்ல போட்டு, தேதியை மாத்தி, வரி நகராததைக் கண்ணால பார்த்திருக்கணும். பார்த்துட்டு அதைச் சரிபண்ண ஒரு வரி போதும்னு உனக்குத் தெரியாம இருக்காது. கிண்டியில நீ மூணு வருஷம் இதே வேலைதானே செஞ்ச?

நேரா சொல்லுன்னு கேட்டேன். "தாராளமாகச் செய்"னு எழுதின. அதுக்கு அடுத்த பாராவுல இது.

இதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை. மாமாகிட்டயும் அப்பாகிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்லை. சட்டை கூரியர்ல வரும்.

ஜெயப்பிரியா


சாலவாக்கம்
ஜூன் 4

ஜெயா,

இன்றைக்கும் நேரங்கெட்ட நேரம்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். சட்டை வந்தது. கழுத்து சரியாக இருக்கிறது.

உன் கடிதத்துக்கு இதுவரை எத்தனையோ தடவை பதில் எழுத ஆரம்பித்தேன். எல்லாமே "மறந்துவிட்டேன்டி" என்றுதான் ஆரம்பித்தது. அழித்துவிட்டேன். மறக்கவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் அரசு தூங்கும்போது உன் ஃபைலைத் திறந்தேன். எங்காவது ஒரு ஓட்டை இருக்காதா என்று தேடித்தான் திறந்தேன். முதலில் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது, எனக்கு எரிந்தது. அப்புறம் ஒரு வரியில் தேதியை மாற்றினேன். அது நின்ற இடத்திலேயே நின்றது. நான் சிரித்தேன், ஜெயா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், குழந்தை எழுந்துவிடுமே என்று.

எவனோ ஒருத்தனுக்கு ஒரு நாள் தாமதமாகும், அவன் ஆபீஸில் வந்து கத்துவான், உங்க மாமா "மலர் எழுதினதே தேவலை" என்பார், அதோடு முடியும் என்று நினைத்தேன். அப்பா வயலாகும் என்று நினைக்கவில்லை. வேறு யார் வயலாக இருந்தாலும் அதுவும் ஒருத்தரின் வயல்தான் என்பதையும் நினைக்கவில்லை. உன்னிடம் சொல்லவும் மனசில்லை, சொல்லாமல் விடவும் பயம். அதனால்தான் அந்த வாக்கியம்.

உங்க மாமாவிடம் போன வாரம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பொறாமையா? கூடப் பொறந்தவ மேலயா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலையில், "நான்தான் ஊதி வுட்டேனா?" என்று கேட்டார். ஆமாம், பாதி நீங்கள்தான் என்றேன். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறோம், அளவாக.

புரோகிராமில் என் நாற்பது வரியை எடுத்துவிட்டேன். உன் இரண்டும் இருக்கிறது, அதற்குக் கீழே நீ சொன்ன அந்த மூன்றாவதைச் சேர்த்திருக்கிறேன். செய்யாறுக்கு நான் போகவில்லை. ஆனால் போகவே மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும், ஜெயா. மார்ச்சில் நீ கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அது என் புரோகிராம், எனக்கு வேண்டும், டிரைவர் திரையை நீ எழுது, மற்றதை நான் பார்க்கிறேன். எழுத எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார்.

அப்பாவிடம் சொல்லப் பழையசீவரம் போயிருந்தேன். அடுத்த பட்டத்துக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், திட்டவாவது திட்டுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையா?" என்றார். அவளும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாள், தெரிந்தே விட்டது நான்தான் என்றேன். "ஐயோ, நான் போனைக்கூட எடுக்கலியேடி. அது எத்தினி வாட்டி அடிச்சிது. நான் வேணும்னே பாத்துக்கினு இருந்தேனே" என்று சேற்றுக் கையோடு முகத்தைத் துடைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதுக்குப் போடு, அதுக்குப் போடு" என்று என் போனைப் பிடுங்கினார். கையெல்லாம் சேறு, நம்பரை அழுத்த முடியவில்லை, நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் நம்பரிலிருந்து மூன்று தடவை வந்ததே, அது நான் இல்லை. அப்பா. நான் என்று நினைத்து நீ எடுக்கவில்லை. நியாயம்தான்.

ஒவ்வொரு தடவையும் மணி அடித்து நிற்கிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட, ஜெயா, எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்காக இப்படி ஒரு தடவை போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாரா என்று. அது போய்விட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். போகவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். அவர் நம்பருக்கே கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பார். எனக்குக் கூப்பிட வேண்டாம், எழுது. திட்டியாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.

மலர்